வரலாறும் சுதந்தரமும்: ஓர் ஒல்லாந்த நூலின் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே எழுதுதல் வரலாறு எனப்படும். நிகழ்ந்தவற்றிற்கு ஏது இதுவெனத் துணிந்து கூறுதல் வரலாற்றுக் கொள்கை எனப்படும். முன்னது காட்சியும் உரையும் பற்றி வருவது. பின்னது கருதலளவை பற்றி வருவது. கருதலளவையின்கண் ஏது வழுவுமாயின் துணிபும் உடன் வழுவும் என்பது அளவைநூல் பயின்றார் யாவரும் அறிந்ததே. இவ்வேறுபாட்டை நெகிழவிட்டுத் தாம் கருதிய ஏதுவையே கண்ணாற் கண்ட பொருள்போல எழுதுவார் எல்லாச் சமயத்தாருள்ளும் உளர்.

மக்கள் சுதந்தரத்திற்கு ஊற்று யாது என்னும் வினா மேலைநாட்டில் 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர்ப் பெரியதோர் வழக்காக எழுந்தது. மனிதன் தன் அறிவையும் விருப்பத்தையுமே முதலாகக் கொண்டு நிற்றலாற் சுதந்தரம் பிறக்கும் என்றார் ஒரு சாரார். இறைவன் ஆணைக்கு அடங்கி நிற்றலாலேயே அது பிறக்கும். அவ்வடக்கம் நீங்கின் சுதந்தரம் என்னும் பெயரால் கொடுங்கோன்மையே விளையும் என்றார், பழைய கிறித்தவ நெறியைப் போற்றிய மற்றொரு சாரார். இப்பின்னவருள் வரலாற்றையே சான்றாகக் காட்டித் தம் கொள்கையை நிறுவப் புகுந்த நூல்களுள் தலையாயது, ஒல்லாந்து தேயத்துக் குரூன் வான் பிரின்ஸ்டரர் 1847இல் வெளியிட்ட 'அவநம்பிக்கையும் புரட்சியும்' என்பதாம். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஹாரி வான் டைக் என்பவரால் 1989இல் வெளிவந்தது. எளிய நூலை மறுத்தல் எளிது, அதனாற் பயனுமில்லை. வலிய நூலை எடுத்து, அதன் கூற்றை அதன் முழுவலியோடும் முதற்கண் நிறுத்தி, அதன்பின் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதலே ஆராய்ச்சி நெறியாகலின், ஈண்டு இந்நூலையே எடுத்துக்கொண்டாம்.

2. நூலாசிரியர்

குரூன் 1801இல் பிறந்தார், 1876இல் மறைந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டமும் பழைய கிரேக்க இலத்தீன் நூல்களும் கற்று, 1823இல் அவ்விரு துறையினும் பட்டம் பெற்றார். முதலாம் வில்லியம் அரசரின் அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிந்த காலத்து, பிரசல்ஸ் நகரில் அரண்மனைக் குருவாய் இருந்த மெர்ல் தோபிஞே என்பவரின் தொடர்பால் கால்வின் வழிவந்த பழைய சமயக் கொள்கையில் உறுதி பெற்றார். 1830இல் பெல்சிய நாட்டார் அவ்வரசர்க்கு மாறாகக் கிளர்ந்தமையையும் அணுக நின்று கண்டவர் இவர். 1835 முதலாக ஆரஞ்சு மன்னர் குடியின் பழைய திருமுகங்களைத் தொகுத்துத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். ஆகவே, இவர் வெறுங்கொள்கை பேசும் வாதியல்லர். மூல ஏடுகளோடு பழகிய வரலாற்றுப் புலவர் என்பதை முன்னர் உளங்கொள்ளல் வேண்டும்.

1845ஆம் ஆண்டிறுதியில் தொடங்கி 1846 வரை, ஹேக் நகரில் தம் இல்லத்தே நண்பர் சிலர்க்கு இவர் நிகழ்த்திய பதினைந்து விரிவுரைகளே இந்நூலாயின. நூல் வெளிவந்த மறு ஆண்டாகிய 1848இல் பாரிசு, வியன்னா, பெர்லின் முதலிய நகரங்களில் புரட்சி வெடித்தமையின், கற்றார் பலர் இவர் கூற்றை வருவதறிந்து உரைத்ததாகவே மதித்தனர். இரண்டாம் பதிப்பு 1868இல் வெளிவந்தது.

3. நூற்பொருள்

இவர் துணிபினைச் சுருங்கக் கூறுவாம். புரட்சி என்பது பாஸ்டில் சிறைக்கோட்டம் இடிபட்டதும் மன்னன் தலை துணிக்கப்பட்டதுமாகிய சில நிகழ்ச்சியன்று. இறைவன் ஆணையே சட்டத்திற்கும் ஆட்சிக்கும் முதல் என்னும் எண்ணம் கவிழ்ந்து, மனிதன் விருப்பமே முதல் என்னும் எண்ணம் மேலெழுந்தமையே புரட்சி. எண்ணம் வித்து, நிகழ்ச்சி விளைவு. வித்து இன்னதாயின் விளைவும் இன்னதாதல் ஒருதலை.

இத்துணிபினை நிறுவுதற்கு அவர் முதற்கண் பிறர் கூறும் ஏதுக்களை ஒவ்வொன்றாக விலக்குகின்றார். பழைய ஆட்சிமுறையின் அமைப்பே தீயதாகலின் புரட்சி எழுந்தது என்பாரை நோக்கி, அம்முறையின்கண் மன்னன் அதிகாரமும் குடிகள் உரிமையும் ஒன்றையொன்று வரம்புசெய்து நின்றன என்கின்றார். அவ்வாட்சியில் நேர்ந்த ஊழல்களே காரணம் என்பாரை நோக்கி, ஊழல் எக்காலத்தும் உண்டு. அதனைத் திருத்துதல் வேறு, அடியோடு பெயர்த்தல் வேறு என்கின்றார். லூதர் 1517இல் தொடங்கிய சமயச் சீர்திருத்தமே புரட்சிக்குத் தாய் என்ற கத்தோலிக்க ஆசிரியரை நோக்கி, சீர்திருத்தம் இறைமொழிக்கு அடங்குதலை முதலாகவுடையது, புரட்சி அவ்வடக்கத்தை உதறுதலை முதலாகவுடையது. ஆகலின் முரணிய இரண்டும் தாயும் சேயும் ஆகா என்று விடுக்கின்றார்.

இங்ஙனம் பிறவெல்லாம் விலக்கி, எஞ்சிய அவநம்பிக்கை ஒன்றையே ஏதுவாக நிறுத்துகின்றார். ரூசோ 1762இல் எழுதிய 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் நூற்கொள்கையே 1793, 1794ஆம் ஆண்டுகளின் பயங்கர ஆட்சியாய் முற்றியது என்பதும், ரொபெஸ்பியர் அக்கொள்கையினின்று வழுவியவரல்லர், அதனை வழுவாது இறுதிவரை நடத்தியவரே என்பதும் அவர் கருத்து. மக்கள் விருப்பத்திற்கு மேல் ஒரு நீதி இல்லையெனின், மக்கள் பெயரால் ஆள்வோன் செய்வதைத் தடுக்க யாதும் இல்லையாம். ஆகவே எல்லையற்ற சுதந்தரம் எல்லையற்ற அடிமையாய் முடிகின்றது என்பது நூலின் உயிர்நிலையான பகுதி.

இவையனைத்திற்கும் அவர் கொள்ளும் பிரமாணம் இரண்டு. ஒன்று அவர்தம் மறைநூல், மற்றொன்று வரலாறு. எழுதப்பட்டதும் நிகழ்ந்ததும் ஒரே உண்மைக்கு இரு சாட்சிகள் என்பது அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட உறுதி. மறைநூலைப் பற்றி ஈண்டு நாம் வழக்காடப் புகுந்திலேம். அஃது அவர் சமயத்தார்க்குரிய பிரமாணம். வரலாறோ எல்லார்க்கும் பொதுவாய சாட்சி. ஆகலின் அச்சாட்சியை முழுதும் கேட்டாரோ என்பதே நம் வினா.

4. கொள்ளத்தக்கன

இந்நூலின்கண் உண்மை பெரிதும் உண்டு. ஆள்வோன் ஒருவனாயினும் பலராயினும், அவர்க்கு மேற்பட்டதோர் நீதி உண்டு என்னும் கொள்கை நீங்கின், உரிமையென்பது ஆள்வோர் அளிக்கும் வரை நிற்கும் சலுகையாய்விடும். இதனைக் குரூன் ஐயத்திற்கிடமின்றி விளக்கியுள்ளார். மன்னர்க்குத் தெய்விக உரிமை என்பதற்கும், மன்னன் தான் நினைத்தது செய்யலாம் என்று பொருள்கொள்ளாது, தனக்கு மேலான ஒருவனிடமிருந்து பெற்ற அதிகாரமாகலின் அவ்வொருவன் நீதிக்குக் கட்டுப்பட்டவன் மன்னன் என்றே பொருள் கொண்டார்.

இக்கொள்கையை அவர் ஏட்டளவில் நிறுத்தாது வாழ்க்கையினும் காட்டினார். 1834இல் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையினின்று ஒரு கூட்டத்தார் பழைய கொள்கைக்கு ஊறு நேர்ந்ததென்று பிரிந்தனர். அரசாங்கம் அவர்மீது தண்டம் விதித்தது. அவர் இல்லங்களில் படைவீரரை இருத்தியது. இதற்கு அரசாங்கம் எடுத்த கருவி, இசைவின்றி இருபதின்மருக்கு மேற்பட்டோர் சங்கமாகக் கூடுதலைத் தடுத்த நெப்போலியன் காலத்துத் தண்டச் சட்டம். புரட்சியின் வழித்தோன்றலாகிய சட்டத்தைக் கொண்டு கிறித்தவ மன்னன் ஒருவன் கிறித்தவரையே ஒறுத்தான்! குரூன் அப்பிரிவினரோடு சேர்ந்தவரல்லர்; தம் பழைய சபையிலேயே இறுதிவரை நின்றார். எனினும் 1837இல் அவர்க்காகப் பரிந்து, அரசாங்கத்தின் செயல் நாட்டுச் சட்டமுறைக்கே மாறானது என ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அப்பிரிவினருட் சிலர் 1846, 1847ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவின் மிச்சிகன் பகுதிக்குக் குடிபெயர்ந்து சென்றனர் என்பதனால் அவர் பட்ட துன்பம் விளங்கும். தம் கூட்டத்தார் அல்லாதார் உரிமைக்கும் வாதாடுதல் சுதந்தரம் பேசுவார்க்கு உரைகல்லாகும். அவ்வுரைகல்லில் இவர் மாற்றுக் குறைந்திலர்.

5. ஏதுவின் ஆராய்ச்சி

இனி, தள்ளத்தக்கன கூறுவாம். ஒன்று மற்றொன்றற்கு ஏது என நிறுவுதற்கு, அஃது உளதாயின் இதுவும் உளதாதலும், அஃது இலதாயின் இதுவும் இலதாதலுமாகிய அன்னுவயமும் வெதிரேகமும் வேண்டும். குரூன் காட்டிய ஏது இவ்விரண்டானும் நிரம்புமாறில்லை.

அன்னுவயம் நோக்குவாம். பிரான்சுக்கு முன்னரே இங்கிலாந்தில் அவநம்பிக்கை நூல்கள் பரந்தன. டோலண்டு 1696இலும் டிண்டல் 1730இலும் வெளியிட்ட நூல்கள், வெளிப்படுத்தப்பட்ட மறையை விட்டு மனிதன் அறிவையே நிறுத்த முயன்றவை. ஆயினும் ஆங்கே புரட்சி எழுந்திலது. அந்நாட்டில் வரலாற்று வழிவந்த ஆட்சியமைப்பும் பின்னர் எழுந்த சமய எழுச்சியும் தடுத்தன என்று குரூன் சார்பில் விடை கூறலாம். அற்றாகுக, அங்ஙனமாயின், புரட்சி எழுதற்கும் எழாமைக்கும் ஆட்சியமைப்பும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டவாறாயிற்று. அமைப்பு ஏதுவன்று என முன் விலக்கியது பின் தானே புகுந்தது.

வெதிரேகம் நோக்குவாம். 1830இல் பெல்சிய நாட்டுக் கிளர்ச்சியை நடத்தியவர் யாவர்? கத்தோலிக்கரும் சுதந்தரக் கட்சியினரும் 1828 முதலே ஒன்றுகூடி நின்றனர். அவருள் அவநம்பிக்கையாளர் ஒரு பாதியினரும் இருந்திலர். அக்கிளர்ச்சியின் பயனாக 1831இல் எழுந்த அரசியற் சட்டமோ, வழிபாடு, கல்வி, அச்சு, சங்கம் ஆகியவற்றிற்கு உரிமை அளித்தது. இதற்கும் முற்பட்ட சான்று குரூன் தம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1581ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள், ஒல்லாந்து முதலிய மாகாணங்களின் பேரவை ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பைத் தம் தலைவன் அல்லன் எனத் துறந்தது. அவ்வறிக்கை, குடிகள் மன்னன் பொருட்டுப் படைக்கப்பட்டாரல்லர், மன்னனே குடிகள் பொருட்டு அமைந்தான் என்னும் கருத்தை அடிநிலையாக உடையது. நம்பிக்கை மிக்க காலத்து, நம்பிக்கை மிக்க மக்கள் மன்னனைத் துறந்தனர். இது முறைப்படி அமைந்த அவையினர் தம் பழைய உரிமையைக் காத்தற்குச் செய்த செயலேயன்றிப் புரட்சியன்று எனக் குரூன் வேறுபடுத்துவர். வேறுபாடு உண்மையே. ஆயினும் 1789இல் பிரான்சிற் கூடியதும் மன்னன் அழைப்பால் முறைப்படி கூடிய அவையே அன்றோ? முறைமையினின்று அவ்வவை எந்நாளில் வழுவிற்று என ஆராய்தல் வேண்டுமேயன்றி, வித்து வேறு என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் பிரித்துவிடுதல் போதாது.

விளைவின் தன்மையும் அவர் கூற்றை நிரப்புவதன்று. பயங்கர ஆட்சி நடந்த அதே காலத்து, 1794ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், பிரெஞ்சுப் பேரவை தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் 1801இல் போப்பரசரோடு உடன்படிக்கை செய்தான். 1802இல் அடிமைமுறையை மீட்டும் நிலைநாட்டினான். இவை காலத்தால் அடுத்து நிற்றல்பற்றி, சபையோடு கொண்ட இணக்கமே அடிமைமுறை மீண்டமைக்கு ஏது என்று யாம் கூறின், அது பெரும்பிழையாம். இங்கிலாந்தில் 1807இல் அடிமை வாணிகத்தை ஒழித்தற்கு முன்னின்று உழைத்தவர் வில்பர்போர்சு முதலிய ஆழ்ந்த கிறித்தவரே. ஆனால் அடுத்து நிற்றல் ஏதுவாகாது என்னும் அவ்விதி இருபாலும் செல்லுதல் வேண்டும். லூதர்க்குப் பின் புரட்சி வந்ததாயினும் லூதர் அதற்கு ஏதுவல்லர் என்று அவ்விதியின் பயனைக் கொண்ட குரூன், ரூசோவுக்குப் பின் ரொபெஸ்பியர் வந்தமையை ஆராயும்போது அதன் கடுமையை ஏற்றிலர்.

6. ஈரளவை

மேற்காட்டிய வழுக்களெல்லாவற்றிற்கும் மூலமாயது ஒன்றுண்டு. அஃது ஒரு பொருளை அளத்தற்கு இரண்டு கோல் கொள்ளுதல். கிறித்தவ மன்னனாகிய பதினான்காம் லூயி, தன் பாட்டன் நான்காம் ஹென்றி 1598இல் அளித்த நாந்து நகர்ச் சாசனத்தை 1685இல் அழித்துப் புரொட்டெஸ்டாண்டு மக்களின் வழிபாட்டுரிமையைப் பறித்தான். இவ்வகைக் கொடுமை நெறியினின்று வழுவிய ஊழல் எனப்படுகின்றது. ரொபெஸ்பியர் கொடுமையோ நெறியின் முற்றிய பயன் எனப்படுகின்றது. மறுதலையாக, புரட்சியாளர் செய்த நன்மை உண்டெனின், அது மனித இயற்கை கொள்கையை எதிர்த்துத் தடுத்தமையால் வந்தது எனப்படுகின்றது. இங்ஙனம் தம் பக்கத்து நன்மை கொள்கையினின்றும் தீமை மக்கள் குறையினின்றும் வந்தனவாக, எதிர்ப்பக்கத்துத் தீமை கொள்கையினின்றும் நன்மை பிறிதினின்றும் வந்தனவாகக் கொள்ளின், எந்நிகழ்ச்சியும் அக்கொள்கையை அசைக்கமாட்டாது. எதனானும் அசைக்கப்படாத துணிபிற்கு வரலாறு சாட்சியாதலும் இல்லை.

இதற்குக் குரூன் தரப்பில் வலியதோர் விடையுண்டு. அதனையும் மறையாது கூறுவாம். கிறித்தவ நெறி மனிதர் பாவத்திற்குட்பட்டவர் என்றே கூறுகின்றது. ஆகலின் கிறித்தவ மன்னன் வழுவுதல் அந்நெறிக்கு மாறுபாடன்று. மேலும், அவன் வழுவினான் என்று காட்டுதற்குரிய கோலும் அந்நெறியின்கண்ணே உளது. மக்கள் விருப்பமே கோல் என்பார்க்கோ, அவ்விருப்பம் வழுவினால் அளத்தற்கு வேறு கோல் இல்லை. ஆகவே இருபக்கமும் ஒப்பன அல்ல. ஒப்பு இல்லாதவற்றை வேறுவேறாக அளத்தல் குற்றமன்று என்பர்.

இவ்விடையிற் பாதி கொள்ளத்தக்கது. மேலான கோல் ஒன்று வேண்டும் என்பதனை முன்னரே ஒப்பினாம். ஆயினும் கோல் உண்மை வேறு; அக்கோலால் அளந்தமை வேறு. 1685இல் லூயியின் செயலைப் பிரெஞ்சுச் சபையின் தலைவர் பலர் புகழ்ந்தனரேயன்றி அளந்து கண்டித்திலர். கோல் கையிலிருந்தும் அளவாதார் செயலுக்கு யார் பொறுப்பு என்பதே வரலாறு கேட்கும் வினா. அவ்வினாவிற்கு நெறியின் தூய்மையை விடையாகக் கூறுதல், கேட்டது ஒன்றாக விடுத்தது ஒன்றாம்.

இக்குறையைக் கிறித்தவரே கண்டு திருத்த முயன்றனர் என்பதும் நடுநிலையோர் கூறவேண்டுவது. ஆங்கிலக் கத்தோலிக்கராகிய ஆக்டன் பிரபு 1877இல் சுதந்தரத்தின் வரலாறு குறித்து இரண்டு விரிவுரை நிகழ்த்தினார். சுதந்தரம் சமயவுணர்விலே வேரூன்றியது என்பதில் அவர் குரூனுக்குப் பிற்பட்டவரல்லர். ஆயினும் 1887இல், போப்பரசர் வரலாறு எழுதிய கிரெய்ட்டன் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவுக்கு வரைந்த திருமுகங்களில், மன்னர்க்கும் போப்பரசர்க்கும் சலுகை காட்டிக் குறைந்த கோலால் அளத்தல் வரலாற்றாசிரியனுக்குத் தகாது என்று வற்புறுத்தினார். தம் சபைத் தலைவர்களையும் கொலைக்குற்றவாளியை அளக்கும் கோலாலேயே அளந்தார். நம்பிக்கையுடையார் தம்மவரை இளகிய கோலால் அளத்தல் இன்றியமையாததன்று என்பதற்கு இவரே சான்று.

7. யாழ்ப்பாணச் சான்று

ஒல்லாந்தர் சுதந்தரத்தைப் பற்றிப் பேசுமிடத்துத் தமிழர் கூறற்குரிய சான்று ஒன்றுண்டு. 1579இல் ஒல்லாந்த மாகாணங்கள் யூட்ரெக்ட் நகரில் செய்த உடன்படிக்கையின் பதின்மூன்றாம் பிரிவு, சமயம் பற்றி ஒருவனையும் ஒறுத்தலாகாது என விதித்தது. அக்காலத்து ஐரோப்பாவில் இத்தகைய விதி மிக அரிது. அதனை விதித்த நாட்டாரின் கிழக்கிந்திய வாணிகச் சங்கம் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1795 வரை ஆண்டது. ஆங்கே கத்தோலிக்கக் குருமார் நாட்டிற் புகுதல் தடுக்கப்பட்டது. 1687இல் ஜோசப் வாஸ் என்னும் குரு மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் புகவேண்டியதாயிற்று. சைவர் வெளிப்படையாக வழிபாடு நிகழ்த்துதலும் தடுக்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்திற்குச் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் நிலை இருந்தமையின், பலர் பெயரளவில் அச்சபையினராய் இல்லத்தில் தம் பழைய நெறியையே ஒழுகினர். பிற்காலத்தே இத்தடைகள் நெகிழ்ந்தன.

இதனை ஈண்டுக் கூறியது பழம்பகை கிளர்த்தற்கன்று. இச்செயல்கட்குக் குரூன் பொறுப்பாளருமல்லர். அவர் நூல் ஐரோப்பாவின் எல்லைக்குள் நிற்பது. ஆனால் சுதந்தரத்திற்கு ஊற்று இது, கொடுங்கோன்மைக்கு ஊற்று இது எனப் பொதுவகையாற் கூறிய துணிபு, கூறியவன் நாட்டெல்லையில் நின்றுவிடாது. யாழ்ப்பாணத்தார் உரிமையை நெருக்கிய ஆட்சி, ரூசோ பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னரே தொடங்கியது. அதனை நடத்தியவர் அவநம்பிக்கையாளர் அல்லர். இறைமொழிக்கு அடங்கினேம் என்றவரே. தம் ஊரில் கொண்ட உரிமையைக் கடல்கடந்த ஊரில் பிறர்க்கு மறுத்தற்குக் காரணம் வாணிக ஊதியமும், வென்றவர் செருக்கும், சமய ஆர்வமும் கலந்ததோர் கலப்பே. வரலாற்று நிகழ்ச்சிகளுட் பெரும்பாலனவும் இத்தகைய கலப்பினவே. அவற்றிற்கு ஒரே வித்தினைத் தேடுவார்க்கு அக்கலப்புப் புலனாகாது.

8. முடிபு

குரூன் கொள்கை அவரோடு ஒழிந்ததன்று. அரசாங்கப் பள்ளிகளை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக்கிய 1857ஆம் ஆண்டுச் சட்டம் தம் கருத்துக்கு மாறாக நிறைவேறியபோது, அவர் பாராளுமன்றப் பதவியைத் துறந்தார். அவர் வழிவந்த ஆபிரகாம் கைப்பர் 1879இல் புரட்சி எதிர்ப்புக் கட்சியை அமைத்து, 1880இல் ஆம்ஸ்டர்டாமில் அரசாங்கச் சார்பற்ற பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கி, 1901 முதல் 1905 வரை முதலமைச்சராய் விளங்கினார். இறுதியில் 1917ஆம் ஆண்டு அரசியற் சட்டத் திருத்தத்தால் சமயப் பள்ளிகளும் பொதுப் பள்ளிகளோடு ஒத்த பொருளுதவி பெற்றன. அவ்வுரிமை கால்வின் நெறியார்க்கு மட்டுமன்றிக் கத்தோலிக்கர்க்கும் ஒப்பக் கிடைத்தது. அதே திருத்தம் ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமையும் அளித்தது. குரூன் அஞ்சிய மக்களாட்சியும் அவர் விரும்பிய பள்ளியுரிமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன என்பது உன்னற்பாலது. அவர் காட்டிய வித்தும் விளைவும் வழுவா நியதியாயின் இஃது நிகழ்ந்திராது.

ஆகவே இந்நூலிற் கொள்ளற்பாலது இது: ஆள்வோர்க்கு மேற்பட்ட நீதியொன்று இல்லாத இடத்துச் சுதந்தரம் நிலைபெறாது. இது கருத்தளவையானே நிறுவப்படுவது. 1837இல் குரூன் செய்த செயலால் விளக்கமுறுவது. தள்ளற்பாலது இது: அந்நீதியை வாயாற் கூறுவார் ஆட்சியெல்லாம் சுதந்தரம் பயக்கும் என்பதும், கூறாதார் ஆட்சியெல்லாம் கொடுங்கோன்மையாய் முடியும் என்பதும் வரலாற்றால் தெளியப்படும் என்னும் துணிபு. வரலாறு அங்ஙனம் ஒருபக்கமே சொல்லிற்றிலது.

சமயநூல் பயில்வோர் இந்நூலை ஒருமுறை ஓதுதல் நன்று. பிறர் சமயத்து வரலாற்றாசிரியன் ஒருவன் கோலை எங்கெங்கே மாற்றினான் என்று காணுதல் எளிது. தம் சமயத்து மன்னரையும் தலைவரையும் பற்றித் தாம் எழுதும் ஏட்டில் அக்கோல் மாறாது நிற்கின்றதா எனக் காணுதல் அரிது. பின்னதற்கு முன்னது பயிற்சியாகும். சாட்சியை அழைத்தவர், அவன் தம் பக்கத்திற்கு மாறாகக் கூறுவனவற்றையும் இருந்து கேட்டல் வேண்டும் என்பது வழக்குமன்றத்து நெறி. வரலாற்றைச் சாட்சியாக அழைப்பார்க்கும் அதுவே நெறி என்க.